அரை மணி ஆபரேஷன், ஆறு வார ஓய்வு

கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது, எடுக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம் என்று சென்ற மாதம் மட்டும் மூன்று நண்பர்கள் கேட்டுவிட்டார்கள். மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள். எனக்கு அந்த ஆபரேஷன் ஆகிப் பத்து மாதம் ஆகிறது. அதனால் அனுபவஸ்தன் என்ற பட்டம் தானாக வந்து சேர்ந்துவிட்டது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் வருகிற ஆறு வாரத்தில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் இது என்ன என்று தெரிந்துகொள்வோம். கண்ணின் வெள்ளைப் பகுதிக்கு மேலே மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. அந்தச் சவ்வு மூக்கு இருக்கும் பக்கத்திலிருந்து தடித்து, சிவந்த ரத்தக் குழாய்களோடு முக்கோணமாக நீண்டு, கருவிழிமேல் ஏறத் தொடங்கினால் அதுதான் சதை வளர்ச்சி. டாக்டர்கள் டெரிஜியம் என்கிறார்கள். கிரேக்க மொழியில் சிறகு என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். கண்ணாடியில் பார்த்தால் ஈயின் இறக்கை ஒட்டிக்கொண்டது போலவே இருக்கும். நம் நாட்டு வைத்தியத்துக்கும் இது புதிதல்ல. சுசுருதர் இதை அர்மம் என்று பெயரிட்டு, ஐந்து வகையாகப் பிரித்து, கொக்கியால் தூக்கிப் பிடித்து அறுத்தெடுக்கும் முறையையும் எழுதி வைத்திருக்கிறார்.

இது புற்றுநோய் அல்ல. கண்புரையும் அல்ல, புரை கண்ணுக்கு உள்ளே வருவது, இது மேலே வளர்வது. வெயில், தூசி, அனல்காற்று மூன்றும் சேர்ந்து வருடக்கணக்கில் செய்கிற வேலை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் 37 பாகை வரை உள்ள நாடுகளில் இது அதிகம் என்கிறார்கள். நம் காஞ்சிபுரம் 13 பாகைக்கும் கீழே இருக்கிறது. கேட்க வேண்டுமா? வயலில் நிற்பவர், கடலுக்குப் போகிறவர், கொத்தனார், சாலையில் நிற்கும் போலீஸ்காரர் என்று வெயிலில் பிழைக்கிறவர்களைத்தான் இது தேடி வரும். பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலேயே ஏன் வருகிறது என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. காது பக்கத்திலிருந்து சாய்வாக விழும் வெயிலைக் கருவிழியின் வளைவு பூதக்கண்ணாடி மாதிரி மடக்கி, எதிர்ப்பக்க ஓரத்தில், அதாவது மூக்கோரத்தில், குவித்துவிடுகிறதாம்.

எனக்கு வெயில் உத்தியோகத்தோடு வந்தது. கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்து மூன்று வருடம். பாதி நாள் சங்கத்தில் சேலை பார்த்து எடுப்பேன். மீதி நாள் சைக்கிளில் பிள்ளையார்பாளையம் தெருக்களிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் தறி தறியாகப் போய் வருவேன். வலது கண்ணில் மெல்லிய படலமாக இருந்ததை ஒவ்வொரு வருடமும் டாக்டர் பார்த்து, “இருக்கட்டும், தொந்தரவு இல்லை, அவசரப்பட வேண்டாம்” என்றே சொல்லி வந்தார். சதை சும்மா இருந்தால் அதைச் சீண்டாமல் விடுவதுதான் முறை. கண்மணியை நெருங்கினால், அல்லது கருவிழியை இழுத்துப் பார்வையைக் கோணலாக்கினால், அப்போதுதான் எடுக்க வேண்டும்.

எனக்கு அந்தக் கோணல் ஒரு சேலையில்தான் தெரிந்தது. உறவுக்காரப் பெண்ணின் கல்யாணச் சேலையைக் காட்டி, “மாமா, வேலை எப்படி?” என்று கேட்டார்கள். தாழம்பூ ரேக்கு வைத்த கோர்வைச் சேலை. உடலுக்கும் கரைக்கும் நடுவில் ரம்பப் பல் மாதிரி வரிசையாக நிற்க வேண்டிய ரேக்கு, ஒன்றன்மேல் ஒன்று நிழல் விழுந்தது போல இரட்டையாகத் தெரிந்தது. இடது கண்ணால் பார்த்தால் பல் பல்லாகத் தெளிவு. வலது கண்ணால் பார்த்தால் கலங்கல். சேலையில் ஒரு குறையும் இல்லை. டாக்டரிடம் போனேன். கருவிழிக்குள் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஏறிவிட்டது, எடுத்துவிடலாம் என்றார்.

சித்திரைக் கடைசியில் நாள் குறித்தார்கள். முதலில் சொட்டு மருந்து, பிறகு கண்ணருகே ஓர் ஊசி, அதோடு மரத்துவிட்டது. தலைக்கு மேலே வெளிச்சம் தெரிந்தது, யாரோ கண்ணைத் தொட்டு வேலை செய்வது தெரிந்தது, வலி இல்லை. சதையைச் சுரண்டி எடுத்தபின் அந்த இடத்தை வெறுமனே விட்டால் பலருக்கும் திரும்ப வளர்ந்துவிடும். முன்காலத்தில் அப்படித்தான் விட்டார்கள், அப்படித்தான் வளர்ந்தது. கென்யான் என்ற அமெரிக்க டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் 1985-ல், அதே கண்ணின் மேல் இமைக்கு அடியிலிருந்து ஆரோக்கியமான சவ்வைச் சிறு துண்டாக எடுத்து வெற்றிடத்தில் பதிக்கும் முறையைப் பற்றி எழுதினார்கள். அதன் பிறகு அதுவே பெருவழக்காகிவிட்டது. முன்பு அதைத் தையல் போட்டு நிறுத்தினார்கள். இப்போது ரத்தத்தில் உள்ள புரதங்களிலிருந்தே செய்த ஒரு பசையால் ஒட்டிவிடுகிறார்கள். எனக்கும் ஒட்டுதான்.

முந்தானையையும் உடலையும் சேர்க்கும் பிட்னி வேலையைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். அங்கேயும் ஒரு நிறத்துப் பாவின் நுனியோடு வேறு நிறத்துப் பாவை இழை இழையாக விரலால் முறுக்கிச் சேர்ப்பார்கள். சேர்த்த உடனே இழுத்தால் போயிற்று. மெல்ல மெல்ல நகர்த்தி, ஊடை நாலு விரற்கடை ஏறிய பிறகுதான் அந்த இடம் கெட்டிப்படும். கண்ணில் வைத்த ஒட்டும் அப்படித்தான். ஒட்டியது டாக்டர். கெட்டிப்பட வைக்க வேண்டியது நாம்.

மதியம் வீட்டுக்கு வந்துவிட்டேன். கண்ணில் கட்டு. சாயங்காலம் மரப்பு தெளிந்ததும் தெரிந்தது, சின்ன ஆபரேஷன் என்பது டாக்டருக்குச் சின்னது என்று. உடம்பிலேயே நரம்பு நுனிகள் மிக நெருக்கமாக உள்ள இடங்களில் கருவிழியின் மேல்பரப்பும் ஒன்று. ஒரு தூசி விழுந்தாலே ஊரைக் கூட்டுகிற இடம். அங்கே சுரண்டியிருக்கிறார்கள். மணலை அள்ளிப் போட்டு இமையை மூடியது போல இருந்தது. மாத்திரை கொஞ்சம் தாங்கியது. சரி, நல்ல கண் இருக்கிறதே, அதை வைத்துச் செய்தித்தாளாவது பார்க்கலாம் என்று எடுத்தேன். இரண்டு வரி போகவில்லை. இடது கண் எழுத்தோடு நகரும்போதெல்லாம் கட்டுக்குள் இருக்கும் வலது கண்ணும் கூடவே நகர்கிறது, நகர்ந்தால் உறுத்துகிறது. இரண்டு கண்ணும் ஜோடி மாடு மாதிரி. ஒன்றுக்கு ஓய்வு வேண்டும் என்றால் மற்றதும் சும்மா இருந்தாக வேண்டும். இது எனக்கு யாரும் சொல்லாத பாடம். ஆபரேஷன் செய்துகொள்ளப் போகும் நண்பர்கள் முதல் மூன்று நாளைக்கு இரண்டு கண்ணுக்கும் சேர்த்து விடுமுறை போட்டுவிடுங்கள்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். கண்ணாடியில் பார்த்தபோது வெள்ளை இருக்க வேண்டிய இடம் தக்காளிப் பழம் மாதிரி இருந்தது. “பயப்படாதீங்க, மூணு நாலு வாரம் இப்படித்தான் இருக்கும்” என்றார் டாக்டர். சிவப்பு குறைவதற்கு நாளாகும். ஆனால் வலி ஒவ்வொரு நாளும் குறைய வேண்டும். வலி கூடினால், பார்வை மங்கினால், சீழ் போல வந்தால், உடனே வரச் சொன்னார். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. கருவிழியின் மேல்தோல் சில நாட்களிலேயே ஆறிவிடுகிறது. நான்காம் நாள் மணல் உறுத்தல் போய், முடி விழுந்தது போன்ற அரிப்பு வந்தது. அதுதான் ஆபத்தான கட்டம். கை தானாகக் கண்ணுக்குப் போகும். கசக்கினால் ஒட்டு நகர்ந்துவிடும். தூக்கத்தில் கை போய்விடக் கூடாதென்று இரவில் பிளாஸ்டிக் மூடி ஒன்றை வைத்து ஒட்டிக்கொண்டு படுத்தேன்.

சொட்டு மருந்து ஒரு தனி உத்தியோகம். இரண்டு குப்பி. முதல் வாரம் ஒரு நாளைக்கு ஆறு வேளை, அப்புறம் வாரத்துக்கு ஒன்றாகக் குறையும். ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் பத்து நிமிடம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் முதலாவதை இரண்டாவது கழுவிக்கொண்டு போய்விடும். கீழ் இமையைச் சற்று இழுத்தால் சின்னக் குழி மாதிரி வரும், அதில் ஒரே ஒரு சொட்டு. குப்பியின் நுனி இமையில் படக்கூடாது. விட்ட பிறகு கண்ணைச் சிமிட்டாமல் மூடி, மூக்கோரத்தில் விரலால் ஒரு நிமிடம் அழுத்திக்கொள்ள வேண்டும். என் மனைவி நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் கட்டம் போட்டு, விட்டதும் ஒரு டிக் அடிப்பாள். “என்னங்க, ரெண்டு மணி சொட்டு” என்று குரல் வந்தால் நான் எங்கே இருந்தாலும் அண்ணாந்து படுத்தாக வேண்டும்.

ஒன்று முக்கியம். அந்த மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. வீக்கத்தையும் திரும்ப வளர்வதையும் அடக்குவதற்காகத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் கண் நன்றாக வெளுத்துவிட்டதே, இன்னும் ஒரு மாதம் போட்டால் இன்னும் நல்லது என்று நாமாகக் கடையில் வாங்கித் தொடரக் கூடாது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறிவிடும்; பார்வை நரம்பே கெட்டுப்போகலாம்; வலிக்காது, தெரியாது. நடுவில் இரண்டு முறை அழுத்தம் பார்க்கக் கூப்பிடுவது அதற்காகத்தான். போய் வாருங்கள்.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் கொண்டு வந்தார்கள். நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வை. விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விடு, குளிர்ச்சி. கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, புளி ஆகவே ஆகாது. நந்தியாவட்டையை மட்டும் மேசைமேல் வைத்து வாசனை பிடித்தேன். டாக்டர் சாப்பாட்டில் எதையும் விலக்கவில்லை. விலக்கியது தலைக்குக் குளிப்பதை, தூசியை, அடுப்புப் புகையை, கூட்டத்தை. வெளியே போனால் பக்கவாட்டிலும் மூடிய கறுப்புக் கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தால் போகிறவர்கள் எல்லாம், “என்ன சார், எலெக்‌ஷன்ல நிக்கப் போறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கூட்டத்தை விலக்கியதில்தான் மனம் கொஞ்சம் அடிபட்டது. பதினைந்தாம் நாளோ என்னவோ, வரதர் கருடசேவை. வைகாசி பிரம்மோற்சவத்தில் மூன்றாம் நாள் விடியலில் தேவராஜன் கருடன்மேல் ஊருக்குள் எழுந்தருளுகிறபோது வீதியில் நிற்காத வருடம் எனக்கு நினைவில் இல்லை. அன்று மனைவி மட்டும் போய் வந்தாள். நான் திண்ணையில் உட்கார்ந்து, தூரத்தில் போகும் மேளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அன்று கோபுர வாசலில் ஒரு கணம் குடைகளால் பெருமாளை மறைப்பார்கள். வருடா வருடம் கருடசேவைக்கு வந்துகொண்டிருந்த சோளிங்கர் தொட்டாச்சாரியார் ஒரு வருடம் வர முடியாமல் போய், அங்கே குளக்கரையில் நின்று உருகினாராம். பெருமாள் இங்கிருந்து ஒரு கணம் மறைந்து அங்கே போய்ச் சேவை சாதித்தாராம். அந்த ஒரு கணத்துக்காகத்தான் இன்றும் குடை. வர முடிந்த ஆயிரம் பேருக்கு நடுவில் வர முடியாமல் போன ஒருவருக்கு உற்சவத்தில் இடம் ஒதுக்கி வைத்திருக்கும் ஊர் நம்முடையது. இவ்வளவு வருடமாகக் குடையை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். அது யாருக்காக என்பது அன்று திண்ணையில்தான் உறைத்தது. எதிர்வீட்டு அம்மா மந்தாரை இலை மணத்தோடு கோயில் இட்லி இரண்டு துண்டு கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த எதிர்வீட்டைப் பற்றித்தான் இனிச் சொல்ல வேண்டும்.

படிக்கக் கூடாது, டிவி கூடாது, செல்போன் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் காது வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. எங்கள் தெருவில் முன்பு வீட்டுக்கு ஒரு தறி. இப்போது எண்ணி நாலு. கண்ணை மூடியபடியே நாலையும் என்னால் பிரித்துச் சொல்ல முடிந்தது. மிதியை மிதிக்கும் தடக், நாடா ஓடும் சரக், பலகை வந்து அடிக்கும் டக். எதிர்வீட்டுத் தறி இருபது முப்பது அடி அடித்ததும் நின்றுவிடும். கொஞ்ச நேரம் மௌனம். மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். இழை அறுந்தால் தறி நிற்பது இயற்கை. ஆனால் நல்ல பட்டில் இவ்வளவு முறை இழை அறுகாது. அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிய இவ்வளவு நேரமும் ஆகாது. சங்கத்தில் இருந்த நாளில் அவர் கையில் வரும் சேலையை நான் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டேன். அப்படிப்பட்ட கை.

மனைவியிடம் கேட்டேன். “அவருக்கும் கண்ணுல சதைங்க. உங்களுக்கு ஆபரேஷன்னதும் அந்தம்மா வந்து கேட்டுட்டுப் போனாங்க. ரெண்டு வருஷமா இருக்காம்” என்றாள்.

சாயங்காலம் அவரை வரச் சொன்னேன். ஐம்பத்தெட்டு வயது. இடது கண்ணில் சதை கண்மணி ஓரம் வரைக்கும் வந்திருந்தது. தறிக்குழியில் உட்காருகிறவருக்கு வெயில் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். சிறு வயதில் பதினைந்து வருடம் சாயப்பட்டறையில் வேலை. சாயம் தோய்த்த பட்டை வெயிலில் உலர்த்தித் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதோடு விடியலில் தெருவில் பாவு நீட்டுகிற வேலை வேறு.

நான் எனக்குத் தெரிந்ததை எல்லாம் அடுக்கினேன். கண்ணுக்கு நம் பக்கம் வைத்தியக் குறையே கிடையாது. எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி 1819-ல் தொடங்கியது, உலகத்திலேயே மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. காசு கேட்க மாட்டார்கள். நம் ஊர் மடத்தின் ஜெயேந்திரர் 1976-ல் டாக்டர்களைப் பார்த்து, சேவை மனப்பான்மையோடு ஒரு கண் ஆஸ்பத்திரி வேண்டும் என்று சொன்னதில்தான், 1978-ல் டாக்டர் பத்ரிநாத் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். அங்கேயும் இல்லாதவர்களுக்கு இலவசமாகச் செய்கிறார்கள். மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-ல் பதினோரு படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் இன்று எங்கெல்லாம் இருக்கிறது! இவ்வளவு இருந்தும் நீங்கள் ஏன் தள்ளிப்போடுகிறீர்கள்?

பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். “ஆபரேஷன் இலவசம்தான் சார். அந்த ஓய்வை யார் சார் இலவசமாக் குடுப்பா?”

நான் பதில் சொல்லவில்லை. எனக்கு மாதம் பிறந்தால் பென்ஷன். கண்ணை மூடிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் அது வந்துவிடும். அவருக்குச் சேலை அறுத்தால்தான் கூலி. ஒரு பாவில் மூன்று சேலை. கோர்வை என்றால் இரண்டு வாரத்துக்குக் குறைந்து ஒரு சேலை இறங்காது. அது மூன்று நாடா வேலை. கரை நாடாவைத் தள்ள மறுபக்கம் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் அவர் மனைவி. அவர் படுத்தால் இருவர் கூலியும் நிற்கும். பாவைத் தறியில் அப்படியே விட்டுவைத்தாலும் எலி, ஈரம், இழுவை என்று ஆயிரம். என் இரண்டு கண்ணும் ஜோடி மாடு என்றேனே, அவர்கள் வீட்டிலும் அதே கதைதான். ஒருவருக்கு ஓய்வென்றால் இன்னொருவரும் நிற்க வேண்டும்.

அதனால் ‘சின்ன ஆபரேஷன்தானே, போய்ச் செய்துகொள்ளுங்கள்’ என்ற பேச்சை விட்டுவிட்டோம். எப்போது செய்தால் நஷ்டம் குறைவு என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். முப்பத்து மூன்று வருடம் நான் பார்த்த வேலை அதுதானே. ஆடியில் பிடிக்கும் ஓட்டம் தீபாவளி வரை நிற்காது, அப்போது ஆகாது. தீபாவளி முடிந்து கார்த்திகை அடைமழையில் தறிக்குழியில் ஊற்றுத் தண்ணீர் ஏறும். தெருவில் பாவு நீட்ட முடியாது. எப்படியும் வருடா வருடம் பத்து நாள் தறி நிற்கும். மூன்றாவது சேலையை அறுத்ததும் புது பாவு ஏற்றாமல், மழையோடு மழையாக ஆபரேஷனை வைத்துக்கொள்வது. முதல் இரண்டு வாரம் அவர் மனைவி அடுத்த தெருவில் ஒரு தறிக்குக் கரை ஆளாகப் போவது, வீட்டிலிருக்கும் நேரத்தில் தார் சுற்றிக் கொடுப்பது. அவருடைய மைத்துனன் மகன் நெய்யத் தெரிந்தவன், மூன்றாம் வாரத்திலிருந்து வந்து தறியில் உட்காருவது. டாக்டரிடமும் முன்கூட்டியே தொழிலைச் சொன்னோம். ஒரு மாதம் தறியில் உட்கார வேண்டாம், பட்டுத் தூசும் உற்று நோக்கும் வேலையும் சேர்ந்து கண்ணைக் காயவைக்கும் என்று அவர் தெளிவாகச் சொன்னது திட்டம் போட உதவியாக இருந்தது.

கார்த்திகையில் நடந்தது. பகலில் அவர் மனைவி வேலைக்குப் போய்விடுவதால் பகல் சொட்டுகள் என் பொறுப்பு. நாள்காட்டிக் கட்டத்தை என் மனைவி போட்டுக் கொடுத்தாள். பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் குடையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து போய் மருந்து விட்டு வந்தேன். ஆறாம் நாள் அரிப்பு வந்தபோது அவர் கை போகும் முன் என் வாய் போனது. பன்னிரண்டாம் நாள் போனபோது ஆள் குழியோரம் உட்கார்ந்து, வெறும் தறியின் அச்சைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். “சும்மா இருக்க முடியல சார். கை சும்மா இருந்தா பயமா இருக்கு” என்றார். எனக்கு இருந்தது சலிப்பு, அவருக்கு இருந்தது பயம். இரண்டுக்கும் ஒரே சொட்டு மருந்துதான்.

முப்பத்திரண்டாம் நாள் காலை எதிர்வீட்டில் தறிச் சத்தம் கேட்டது. எழுந்து போகாமல் இங்கிருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். கூலியில் அவருக்கு விழுந்த பள்ளம் இன்னும் முழுதாக மூடவில்லை. தையில் வந்த ஒரு கல்யாண ஆர்டர் பாதியைச் சரிக்கட்டியது என்றார். தறி முன்போல நிற்பதில்லை.

கேட்ட நண்பர்களுக்குச் சுருக்கமாக. சதை கண்மணியை நெருங்கும் வரை காத்திருக்கலாமா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். எடுப்பதென்றால் ஒட்டு வைத்து எடுப்பார்களா என்று கேளுங்கள். புதுக் கண்ணாடியை உடனே மாற்ற வேண்டாம். கருவிழி பழைய வடிவத்துக்கு வரச் சில வாரம் எடுத்துக்கொள்ளும். எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் நம்பர் எழுதினார்கள், பழையதைவிடக் குறைவு. திரும்ப வளர்வதாக இருந்தால் பெரும்பாலும் முதல் வருடத்துக்குள் வளர்ந்துவிடும். எனக்கு இன்னும் இரண்டு மாதம் பாக்கி. அதுவரைக்கும், அதற்கப்புறமும், வெயிலில் கறுப்புக் கண்ணாடியும் தலையில் தொப்பியும். எலெக்‌ஷன் கேலிகளுக்குப் பழகிவிட்டேன்.

இந்த ஊரில் கண்ணைப் பற்றிய கதைகளுக்குப் பஞ்சமில்லை. திருவொற்றியூரில் பார்வையிழந்த சுந்தரர், திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலை மட்டும் வாங்கிக்கொண்டு தடவித் தடவி இங்கே வந்து ஏகம்பத்தில் இடது கண்ணைப் பெற்றார். வலது கண்ணுக்குத் திருவாரூர் வரை நடக்க வேண்டியிருந்தது. கடவுளிடமே தவணையில்தான் கிடைத்திருக்கிறது. நமக்கு ஆறு வாரம் அதிகமில்லை.

உங்கள் தெருவிலும் ஒரு கொத்தனாரோ, இஸ்திரி போடுகிறவரோ, தறிக்காரரோ கண்ணில் சதையோடு இருப்பார். சின்ன ஆபரேஷன்தானே என்று அவரிடம் சொல்லும் முன்னால், எத்தனை நாள் வேலைக்குப் போகாமல் இருக்க முடியும் என்று கேட்டுப் பாருங்கள். பகலில் சொட்டு விட ஆள் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நம்மைப் போல ஓய்வு பெற்றவர்களிடம் தாராளமாக இருப்பது அந்தப் பகல் நேரம்தானே.